வயிற்றில் கரையும் புளி

தேனியிலிருந்து அம்மா கட்டிக்கொண்டு வந்த தேங்காய் எண்ணெய், கோபன்ஹேகனில் பெட்டியைத் திறந்தபோது கல்லாகிக் கிடந்தது. 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கிவிடும். ஊரிலும் மார்கழி விடியலில் பார்த்திருக்கிறோம். வெயில் ஏறினால் தானே இளகிவிடும். இங்கே தங்கை வீட்டில் ஹீட்டர் ஓடியும் அறைக்குள் 21 டிகிரிதான். வெளியே 2. "இதைத் தேய்க்கிறதா, செதுக்குறதா?" என்று அம்மா பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினாள். அந்த உறைந்த எண்ணெயை வைத்து மறுநாள் மகளுக்கு ஒரு ரயிலின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனி, ஞாயிறு இரண்டு நாளும் டிவோலியில்தான் என்று தங்கை முன்கூட்டியே சீட்டு எடுத்து வைத்திருந்தாள். மத்திய ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து சாலையைத் தாண்டினால் டிவோலி. 1843 ஆகஸ்ட் 15 அன்று திறந்த பூங்கா. நகரைச் சுற்றிக் கோட்டை அரண் இருந்த நிலம் அது. உள்ளே இப்போது வாத்து நீந்தும் ஏரி அன்றைய அகழியின் மிச்சம். பூங்கா வைக்க இடம் கேட்டுப் போன கேயார்க் கார்ஸ்டென்சன், ஜனங்கள் கேளிக்கையில் இருந்தால் அரசியல் பேச மாட்டார்கள் என்று மன்னர் எட்டாம் கிறிஸ்டியனிடம் சொல்லித்தான் அனுமதி வாங்கினார் என்பார்கள். ராஜாக்களுக்கு எந்த ஊரிலும் இந்தக் கணக்கு சட்டென்று புரிந்துவிடும். ஒன்றரை நூற்றாண்டு கோடைக்காலப் பூங்காவாகவே இருந்த டிவோலி, 1994 முதல் கிறிஸ்துமஸுக்கும் கதவைத் திறக்கிறது.

டிசம்பர் கடைசியில் அங்கே மாலை 3.40க்குள் சூரியன் போய்விடுகிறது. மரத்துக்கு மரம் விளக்கு. சூடான ஒயினில் பட்டை, கிராம்பு, ஏலக்காய் போட்டு விற்கிறார்கள். "யாரோ பிரியாணிக்குத் தாளிக்கிறாங்க" என்று அம்மா மூக்கை உயர்த்தினாள். பக்கத்துக் கடையில் குழி குழியான இரும்புச் சட்டியில் மாவு ஊற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சந்தேகமே வேண்டாம், பணியாரச் சட்டி. தேங்காய்ச் சட்னிக்குப் பதில் ஜாம் வைத்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

டிவோலியில் ஒரு கிழட்டு ரோலர் கோஸ்டர் உண்டு. ரூட்ஷெபானென் என்று பெயர்; சறுக்குப் பாதை என்று அர்த்தம். 1914இல் மரத்தால் கட்டியது. சுமார் 720 மீட்டர் நீளம், வேகம் மணிக்கு 60 கிலோமீட்டருக்குள். நம் ஊர் பைபாஸில் டவுன் பஸ் இதைவிட வேகமாகப் போகும். அந்தத் தைரியத்தில்தான் அம்மாவையும் ஏற்றினோம். சின்ன வயதில் வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினம் சுற்றிய அனுபவம் தனக்கு உண்டு என்று அவள் வேறு சொல்லியிருந்தாள். ரயில் மேட்டில் ஏறும்வரை பேசிக்கொண்டே வந்தாள். முதல் சரிவில் பேச்சு நின்றது. இறங்கி வந்து, மப்ளரைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "வயித்துல புளியக் கரைச்சிருச்சுடா."

பயத்துக்குத் தமிழில் வேறு சொற்களும் இருக்கின்றன. குலை நடுங்கும், ஈரக்குலை பதறும், அடிவயிறு கலங்கும். எல்லாமே வயிற்றுப் பக்கத்துச் சொற்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நெஞ்சு படபடக்கிறது என்றும் சொல்வோம்தான். ஆனால் மேட்டிலிருந்து சட்டென்று இறங்கும்போது யாரும் நெஞ்சைப் பிடிப்பதில்லை, வயிற்றைத்தான் பிடிக்கிறார்கள். நம் முன்னோருக்கு ரோலர் கோஸ்டர் தெரியாது. ஊஞ்சல் தெரியும், கிணற்றில் குதிக்கத் தெரியும். அது போதும்.

என்ன கரைகிறது அங்கே?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வேகத்தை அறிய நம் உடம்பில் எந்த உறுப்பும் கிடையாது. தேனியில் திண்ணையில் சும்மா உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவரும் பூமியின் சுழற்சியோடு மணிக்குச் சுமார் 1,640 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறார். கோபன்ஹேகன் துருவத்துக்கு நெருக்கத்தில் இருப்பதால் அங்கே அந்த வேகம் 940 தான். விமானத்தில் ஏறி இறங்கியதில் ஆளுக்கு 700 கிலோமீட்டர் வேகத்தைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறோம். குளிர்தான் உறைத்தது, இது யாருக்கும் உறைக்கவில்லை.

உடம்புக்குத் தெரிவதெல்லாம் வேகம் கூடுவதும் குறைவதும் திரும்புவதும்தான். அதைக் கவனிக்கிற கருவி உள்காதில் இருக்கிறது. அங்கே பசை போன்ற ஒரு படலம். அதன்மேல் பொடிப்பொடியாகக் கற்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். முட்டை ஓடும் கிளிஞ்சலும் எதனால் ஆனவையோ அதே கால்சியம் கார்பனேட். நாம் முன்னே பாய்ந்தால் இந்தக் கற்கள் சற்றுப் பின்தங்கும், பசை சாயும், அதற்கடியில் இருக்கும் நுண்ணிய மயிர்கள் வளையும், மூளைக்குச் செய்தி போகும். டவுன் பஸ் டிரைவர் திடீரென்று பிரேக் அடித்தால் நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்வார்களே, அதே கதைதான். அம்மாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் படுக்கையில் புரண்டால் வீடே சுற்றுகிற தொந்தரவு வந்தது. இந்தப் பொடிக்கற்கள் சில இடம்பெயர்ந்து பக்கத்திலிருக்கும் அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால் அப்படி வரும். டாக்டர் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. தலையை ஒரு கணக்காகத் திருப்பித் திருப்பிக் கல்லைப் பழைய இடத்துக்கே உருட்டிவிட்டார். தாயக்கட்டை உருட்டுகிற மாதிரி இருந்தது என்றாள்.

இப்போது சரிவுக்கு வருவோம். எடை என்று நாம் உணர்வது பூமி இழுப்பதை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் நாற்காலி நம்மைக் கீழிருந்து தாங்குவதைத்தான் எடையாக உணர்கிறோம். ரயில் உச்சியைத் தாண்டிக் கீழே பாயும்போது நாற்காலியும் விழுகிறது, நாமும் விழுகிறோம். தாங்குவதற்கு ஆள் இல்லை. அந்த ஒன்றிரண்டு நொடி நமக்கு எடையே இல்லாத மாதிரி இருக்கும். இரைப்பையும் குடலும் வயிற்றுக்குள் சவ்வுகளில் தொங்குகின்றன, கொடியில் ஈரத்துணி தொங்குவதுபோல. எந்நேரமும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும் அந்தக் கனம் நமக்குப் பழகிவிட்டது, இருப்பதே தெரியாது. விழும்போது அது காணாமல் போகிறது. கொடி தளர்கிறது, துணி மிதக்கிறது. நரம்புகள் அலறுகின்றன. காதிலிருக்கும் கற்களும் அதே நேரத்தில் கைவிரிக்கின்றன. அட்ரினலின் பாய்கிறது; இதயம் அடித்துக்கொள்கிறது. அம்மா சொன்ன புளி இதுதான்.

"அப்பத்தா, மறுபடி போலாமா?" என்றாள் மகள். "இருடி, முதல்ல கரைஞ்சது இறங்கட்டும்."

இந்த விளையாட்டுக்கும் பனிக்காலத்துக்கும் இருக்கும் உறவு டிவோலியைவிடப் பழையது. ரோலர் கோஸ்டரே பனியில் பிறந்ததுதான். ரஷ்யாவில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் குளிர்காலம் வந்தால் மரச் சட்டத்தில் உயரமான சாய்தளம் கட்டுவார்கள். அதன்மேல் தண்ணீர் ஊற்றி ராத்திரி விட்டுவிட்டால் காலையில் கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும். மேலே படியேறிப் போய்ப் பலகையிலோ பனிக்கட்டியைக் குடைந்து செய்த இருக்கையிலோ உட்கார்ந்து சறுக்க வேண்டியது. கீழே நிறுத்துவதற்கு மணலைத் தூவி வைத்திருப்பார்கள். பிரேக் என்றால் அன்றைக்கு அதுதான். மகாராணி கேத்தரினுக்குக் கோடையிலும் சறுக்க ஆசை வந்தது. ஒரானியென்பாம் அரண்மனையில் சக்கரம் வைத்த வண்டிகள் ஓடும் சறுக்குமேடை எழுந்தது. 1817இல் பாரிஸில், சக்கரம் தடத்தை விட்டுக் கழன்றுபோகாதபடி பள்ளத்தில் பொருத்திய வண்டிகள் வந்துவிட்டன. பிரெஞ்சுக்காரர்கள் இன்றுவரை ரோலர் கோஸ்டரை ரஷ்ய மலை என்றே சொல்கிறார்கள். ரஷ்யர்களோ அதை அமெரிக்க மலை என்கிறார்கள். பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளை என்பதுபோல!

அமெரிக்காவில் 1884இல் கோனி தீவில் ஓடிய முதல் வண்டி மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகம்தான் போனது. ஐந்து சென்ட் கட்டணம். அதற்கே கூட்டம் அலைமோதியது. வேகம் முக்கியமில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமென்றால், புளோரிடா டிஸ்னியின் ஸ்பேஸ் மவுன்டன் இருக்கிறது. சுமார் 45 கிலோமீட்டர் வேகம்தான், ஆனால் முழு இருட்டு. அடுத்து சரிவா திருப்பமா என்று கண்ணுக்குத் தெரியாது. கழுத்தையும் இடுப்பையும் முன்கூட்டியே இறுக்கிக்கொள்ள முடியாது. நாலு மணிக்கே இருட்டிவிடுகிற டிவோலியில் அதே மர ரயில், பகலில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருந்ததற்கு இது பாதிக் காரணம். மீதிக் காரணத்தை மறுநாள்தான் பார்த்தேன்.

சனிக்கிழமை இரவே மகள் என்னை இழுத்துக்கொண்டு போய் ஏறிய இன்னொன்று, சங்கிலியில் நாற்காலி தொங்கும் ராட்டினம். 80 மீட்டர் உயரக் கம்பம், வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர் வரை போகுமாம். 2 டிகிரிக் குளிரில் அந்த வேகத்தில் காற்று முகத்தில் அடித்தால், தோலுக்கு அது மைனஸ் 6 டிகிரிக் குளிர். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனாலும் அங்கே ஒரு வேடிக்கை. முன்னால் போன நாற்காலியில் ஒரு தடித்த மனிதர், அதற்கு முன்னால் ஒல்லியான இரண்டு சிறுமிகள், அதற்கும் முன்னால் காலி நாற்காலி. எல்லாச் சங்கிலியும் ஒரே கோணத்தில் சாய்ந்திருந்தன. கனமானவரை வட்டத்தில் சுற்றவைக்க அதிக விசை வேண்டும். அவரைக் கீழே இழுக்கும் எடையும் அதே விகிதத்தில் அதிகம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுவதால் கோணத்தை முடிவு செய்வது வேகமும் வட்டத்தின் அகலமும் மட்டும்தான். கலிலியோ பீசா கோபுரத்தில் கல்லைப் போட்டாரோ இல்லையோ, திருவிழா ராட்டினத்தை நிமிர்ந்து பார்த்திருந்தாலே போதும்.

மனைவி எதிலும் ஏறவில்லை. போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவையும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே கடக்கிறவள் அவள். கண் பஸ்ஸுக்குள் இருக்கும் சீட்டைப் பார்த்து "அசையவில்லை" என்கிறது. காது "சுழல்கிறோம்" என்கிறது. இந்த வழக்கைத் தீர்க்க முடியாத மூளை வயிற்றைக் காலி செய்யச் சொல்லிவிடுகிறது. ஏன் வாந்தி என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு: காதும் கண்ணும் ஒத்துப்போகாத நிலை இயற்கையில் விஷம் சாப்பிட்டால்தான் வரும், ஆகவே உடம்பு அதை விஷம் என்று எடுத்துக்கொள்கிறது என்பார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இல்லை அது. எனக்குப் பிடித்த விளக்கம். எங்கள் ஐந்து பேருடைய பைகளையும் கோட்டுகளையும் சுமந்துகொண்டு நின்ற அவளிடம் அன்றைக்கு அதைச் சொல்லவில்லை.

ஞாயிறு காலை நல்ல குளிர். பூங்கா திறந்தவுடனே டீமன் என்கிற எஃகு ரோலர் கோஸ்டரில் மகளும் தங்கையும் மறுபடி ஏறினார்கள். 2004இல் வந்தது, 28 மீட்டர் உயரம், மணிக்கு 77 கிலோமீட்டர், மூன்று இடத்தில் தலைகீழ். நான் கீழே நின்று பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 28 மீட்டரிலிருந்து தடையில்லாமல் ஒன்று விழுந்தால் தரையைத் தொடும்போது மணிக்கு 84 கிலோமீட்டர் வேகம் இருக்க வேண்டும். குறைகிற 7 எங்கே போனது? தடம் தரைவரை இறங்குவதில்லை என்பது ஒன்று. மீதி, காற்றும் சக்கரமும் தின்றது.

தலைகீழாகச் சுற்றும் வளையத்தைக் கீழிருந்து பார்த்தால் அது வட்டமாக இல்லை. கண்ணீர்த் துளி மாதிரி, உச்சியில் குறுகி அடியில் அகன்று இருக்கும். 1895இல் கோனி தீவில் சரியான வட்டமாகவே ஒன்று கட்டினார்கள். ஏறியவர்களுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. கணக்கு எளிது: வட்ட வளையத்தில் அடியில் உணரும் எடைக்கும் உச்சியில் உணரும் எடைக்கும் உள்ள வித்தியாசம் நம் எடையைப் போல ஆறு மடங்கு. எவ்வளவு பெரிய வட்டமாக இருந்தாலும் அதே ஆறுதான். உச்சியில் தப்பித்தவறி விழாமல் போனால், அடியில் குறைந்தது ஆறு மடங்கு எடை கழுத்தில் உட்காரும். ஜெர்மன் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் இதற்கு ரயில் பாதைக்காரர்களிடமிருந்து விடை எடுத்தார். நேர்ப்பாதையிலிருந்து வளைவுக்குள் ரயில் நுழையும்போது பயணிகள் தூக்கி வீசப்படாமல் இருக்க, வளைவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். அதே வளைவைச் செங்குத்தாக நிமிர்த்திவிட்டார். அந்த வளையத்தோடு 1976இல் கலிபோர்னியாவில் ஒன்று ஓடத் தொடங்கியது.

மகள் இறங்கி வந்து குறை சொன்னாள். "நேத்து சாயங்காலம் போனப்போ இதைவிட வேகமாப் போச்சு." கடிகாரம் பார்த்தாளா என்றால் இல்லை. ஆனாலும் அவள் சொன்னதில் நியாயம் இருக்கலாம். எண்ணெய் பாட்டிலை ஞாபகப்படுத்தினேன். சக்கர அச்சுக்குள் பூசிய கிரீஸ் குளிரில் இறுகும். தேங்காய் எண்ணெய் அளவுக்கு இல்லாவிட்டாலும் அதே ஜாதிக் குணம்தான். எஃகு ரோலர் கோஸ்டரின் சக்கரங்களுக்குப் பாலியூரித்தேன் உறை போட்டிருப்பார்கள். உருளும்போது அது நசுங்கி நசுங்கி மீள்கிறது. நசுக்கக் கொடுத்த ஆற்றலில் ஒரு பங்கைத் திருப்பித் தராமல் சூடாக வைத்துக்கொள்கிறது. குளிரில் இந்தக் கஞ்சத்தனம் கூடும். சில சுற்று ஓடிச் சக்கரம் சூடானபிறகு ரயில் தன் வேகத்துக்கு வரும். தங்கள் ரயில் இத்தனை டிகிரிக்குக் கீழே ஓடக்கூடாது என்று ஓர் எண்ணைக் குறித்துக் கொடுக்கும் தயாரிப்பாளர்களும் உண்டு. வேகம் போதாமல் இரண்டு மேட்டுக்கு நடுவே பள்ளத்தில் ரயில் ஆடி ஆடி நின்றுவிட்டால் அதைத் தள்ள ஆள் கிடையாது. அதனால்தான் விடிந்ததும் ஆளில்லாமல் சில சுற்று ஓட்டிப் பார்க்கிறார்கள்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஆள் நிறைந்த ரயில் காலி ரயிலைவிட வேகமாகப் போகும். விழுகிற வேகத்துக்கும் எடைக்கும் சம்பந்தமில்லையே என்று கேட்பீர்கள். சரிதான், காற்று இல்லாவிட்டால். எதிர்க்காற்று தள்ளுவது ரயிலின் உருவத்தைப் பார்த்து. உள்ளே எத்தனை பேர் என்று அதற்குத் தெரியாது. அதே தள்ளு கனமான ரயிலை அவ்வளவாகத் தடுப்பதில்லை. எந்தப் பெட்டியில் உட்காருகிறோம் என்பதும் முக்கியம். முன் பெட்டி உச்சியைத் தாண்டித் தொங்கிக்கொண்டு பின்பெட்டிகளுக்காகக் காத்திருக்கும். கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும்போது ரயிலின் பெரும்பகுதி ஏற்கெனவே கீழே பாய்ந்துகொண்டிருக்கும், அது சவுக்கு நுனி மாதிரி சுண்டி இழுக்கப்படும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்து மருத்துவர் டேவிட் வார்டிங்கர் இதை விசித்திரமாக நிரூபித்தார். டிஸ்னி ரயிலில் போய்வந்த தம் நோயாளி ஒருவருக்குச் சிறுநீரகக் கல் இறங்கிவிட்டது என்று கேள்விப்பட்டு, சிலிக்கோனில் ஒரு சிறுநீரகம் செய்து, உள்ளே நிஜக் கற்களை வைத்து, பையில் போட்டுக்கொண்டு அதே ரயிலில் திரும்பத் திரும்பப் போனார். முன் பெட்டியில் 24க்கு 4 தடவை கல் இறங்கியது. பின் பெட்டியில் 36க்கு 23. 2018இல் சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. வாழைத்தண்டுச் சாற்றுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ஆக, ஒரே தடம், ஒரே உயரம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ரயிலின் வேகம் வேறு. குளிர், கூட்டம், ஈரம் என்று எல்லாம் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. புதிய ரோலர் கோஸ்டரில் இதைக் கவனிக்கத் தடம் நெடுகச் சென்சார்கள் இருக்கும். தடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு ரயில்தான் என்று கணினி காவல் இருக்கும். பிரேக்கூட உரசாது: காந்தங்களுக்கு நடுவே செம்புத் தகடு நுழைந்தால் தகட்டில் மின்சாரம் சுழன்று, நுழைவதையே எதிர்க்கும். கரண்ட் போனாலும் வேலை செய்யும் என்பது இதன் பெருமை; வேகம் குறையக் குறையப் பிடியும் குறைவதால் முழுசாக நிறுத்தாது என்பது இதன் குறை.

1914 ரயிலில் இதெல்லாம் ஏது? தடத்துக்கு அடியிலும் ஒரு சக்கரத்தை மாட்டி, ரயில் எகிறாமல் பூட்டி வைக்கும் முறைக்கு அமெரிக்கரான ஜான் மில்லர் காப்புரிமை பெற்றதே 1919இல்தான். இதற்கு முந்திய காலத்து ரயிலை அடக்கி வைக்க ஒரே வழி, அதில் ஓர் ஆளை உட்காரவைப்பது. ரூட்ஷெபானெனில் இன்றைக்கும் ஒவ்வொரு ரயிலிலும் ஒரு பிரேக்மேன் கூடவே பயணம் செய்கிறார். பயணிகளைப் போலவே மேடும் பள்ளமும் ஏறி இறங்கி, நாள் முழுக்க. உலகில் இப்படி ஆள் பிடித்து ஓட்டும் ரயில்கள் விரல்விட்டு எண்ணும் அளவே மிச்சம்.

சனிக்கிழமை நாங்கள் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. ஞாயிறு மாலை மறுபடி வரிசையில் நின்றபோது அம்மாதான் கேட்டாள். "அந்தப் பையன் எதுக்கு சீட்டு எடுக்காமச் சுத்திக்கிட்டே இருக்கான்?" விளக்கினேன். மேட்டின் மேல் ரயில் எவ்வளவு மெதுவாக ஏறுகிறது, எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள், தடம் நனைந்திருக்கிறதா என்று பார்த்து, எந்த இடத்தில் எவ்வளவு லீவரை இழுக்க வேண்டும் என்று அவன் கைக்குத் தெரியும் என்றேன். பாதி சொல்லும்போதே அவள் தலையாட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"தேருக்குக் கட்டை போடுறவன்னு சொல்லு."

வீரபாண்டித் தேருக்கு அம்மாவின் அப்பா கட்டை போட்டவர். வடம் பிடிக்க நூற்றுக்கணக்கானவர்கள் வருவார்கள். சக்கரத்துக்கு அருகே நடக்க நாலைந்து பேர்தான். சரிவான ஆப்புக் கட்டையைச் சரியான நொடியில் சக்கரத்தின் அடியில் செருக வேண்டும். சக்கரம் கட்டைமேல் ஏறி முனகும். தேர் வேகம் குறையும். ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கொடுத்தால் தேர் அந்தப் பக்கம் திரும்பும். ஒரு விநாடி முந்தினால் தேர் நட்டுக்கொண்டு நிற்கும். ஒரு விநாடி பிந்தினால் வீட்டுத் திண்ணை போகும். தாத்தா தேரைப் பார்க்கவே மாட்டார், அதன் சத்தத்தைத்தான் கேட்பார் என்றாள் அம்மா. முட்டுக்கட்டை என்பதைத் தடங்கல் என்கிற பொருளில் திட்டுவதற்கே பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். அது இல்லாமல் எந்தத் தேரும் நிலைக்கு வந்ததில்லை.

நாங்கள் ஏறும்போது லேசாகப் பனித்தூறல். பெட்டிகள் நிரம்பியிருந்தன. அம்மா பயணத்தையே விட்டுவிட்டு அந்தப் பையனையே பார்த்துக்கொண்டு வந்தாள். முதல் சரிவுக்கு முன்னால், "இப்பப் போடுவான் பாரு" என்றாள். போட்டான்; அடியில் மரமும் இரும்பும் கரகரத்தன. இருட்டில் ஒரு திருப்பம். "இப்ப." போட்டான். மகள் கைதட்டினாள். மூன்றாவது மேடு வந்தது. அம்மா முழு நம்பிக்கையோடு "இப்ப" என்று சொல்லிக் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தாள்.

அவன் போடவில்லை. மேட்டின் முதுகில் ரயில் அப்படியே வழுக்கிப் பாய்ந்தது. அம்மா இருக்கையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பி உட்கார்ந்தாள். வாயிலிருந்து வந்தது எந்த மொழியிலும் சேராத ஒரு சத்தம்.

கீழே இறங்கியதும் நேராக அவனிடம் போய் ஆள்காட்டி விரலை ஆட்டி, "ஏமாத்திப்புட்டியேப்பா" என்றாள். அவனுக்கு என்ன புரிந்ததோ, லீவரைத் தட்டிக்காட்டிவிட்டுச் சிரித்தான். அதற்குள் அடுத்த ஆட்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அவன் கையுறையைச் சரிசெய்துகொண்டு, ஏறியவர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தான்.